தத்துவக் கேள்விகளுக்கு முடிவான விடை உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்துவம் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. படிக்காதவர்கள் கேட்பதுகூட இல்லை. "அதுக்கெல்லாம் விடையே கிடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டு தரப்பையும் மனதில் வைத்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். விடை உண்டா, இல்லையா?

சிலவற்றுக்கு உண்டு, கிடைத்தும்விட்டது. சிலவற்றுக்குப் பாதி கிடைத்திருக்கிறது. சில கேள்விகளில் கேட்ட விதமே கோளாறு என்று தெரிந்து கைவிட்டுவிட்டோம். மற்றவை இன்னும் தீராமல் கிடக்கின்றன. "எதற்குமே விடை இல்லை" என்பது மட்டும் நிச்சயமாகத் தவறு.

அதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. "எந்தத் தத்துவக் கேள்விக்கும் முடிவான விடை கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் சொல்வதே ஒரு தத்துவக் கேள்விக்கு முடிவான விடைதான். அது உண்மையானால் அதுவே பொய்யாகிவிடும்.

எந்தக் கேள்வியைத் தத்துவக் கேள்வி என்கிறீர்கள்?

எதைக் காட்டினால் விடை என்று ஒப்புக்கொள்வோம் என்பதிலேயே தகராறு இருக்கும் கேள்வியை. சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்பதில் இருவர் முரண்பட்டால் அளந்து பார்க்கலாம். அளந்தால் தீர்ந்தது என்பதில் இருவருக்கும் சம்மதம். யாருமே பார்க்காதபோதும் மதுரை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல முடியாது. எதைச் சான்றாக வைத்துக்கொள்வது என்பதையே முதலில் பேசித் தீர்க்க வேண்டும். இந்த விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் இந்தப் பக்கத்துக்குப் போதும்.

முடிவாக விடை கிடைத்த ஒரு கேள்வியையாவது காட்ட முடியுமா?

முடியும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரலாறு தெரிந்தால் மற்றப் பதில்கள் பாதி புரிந்துவிடும்.

1688-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் மாலினூ, ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் கருத்துகளைப் படித்துவிட்டு அவருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் இருக்கிறார். கையால் தடவிப் பார்த்து இது உருண்டை, இது கனசதுரம் என்று சரியாகச் சொல்லப் பழகியவர். அவருக்குப் பார்வை வந்துவிடுகிறது. இரண்டையும் மேசைமேல் வைக்கிறோம். தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து எது எது என்று அவரால் சொல்ல முடியுமா? மாலினூவின் மனைவி திருமணமான சிறிது காலத்திலேயே நோயால் பார்வையை இழந்தவர். ஆகவே மாலினூவுக்கு இது வெறும் மூளை விளையாட்டாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 1693-இல் மாலினூ மறுபடி எழுதினார். மனித அறிவைப் பற்றிய தன் பெரிய நூலின் 1694-இல் வந்த இரண்டாம் பதிப்பில் லாக் அந்தக் கேள்வியைச் சேர்த்தார். முடியாது என்பதே இருவரின் பதிலும். 1709-இல் அயர்லாந்துத் தத்துவவாதி பார்க்லியும் முடியாது என்றார். ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மேசைமேல் இருப்பவை அந்த இரண்டும்தான் என்று முன்பே சொல்லிவிட்டால், உருண்டைக்கு மூலை இல்லை, கனசதுரத்துக்கு எட்டு மூலை உண்டு என்பதை வைத்து யோசித்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

இதில் தத்துவம் எங்கே இருக்கிறது? கை அறியும் வடிவமும் கண் அறியும் வடிவமும் ஒரே கருத்தா, அல்லது இரண்டு தனித்தனிக் கருத்துகளை அனுபவம்தான் இணைத்துவைக்கிறதா என்பதில் இருக்கிறது. மனம் பிறக்கும்போதே எதையாவது கொண்டுவருகிறதா என்ற பழைய வழக்கு முழுவதும் இந்த மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், கண்புரையால் பார்வை இல்லாதிருந்த ஒரு சிறுவனுக்குச் செய்த சிகிச்சையைப் பற்றி எழுதினார். பார்ப்பதெல்லாம் கண்ணை வந்து தொடுவதுபோல் இருப்பதாக முதலில் அந்தச் சிறுவன் சொன்னான். பூனை எது, நாய் எது என்று அவனுக்கு மறந்துபோகும், கேட்கவும் வெட்கம். ஒரு நாள் பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, பிறகு உற்றுப் பார்த்து, இனிமேல் உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடம் சொன்னானாம். பலர் இதோடு கேள்வி முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. அறுவை முடிந்த கண் ஆறுவதற்குள் சோதித்தது சரியா, கேட்ட கேள்விகளே பதிலை எடுத்துக் கொடுத்தனவா என்று சந்தேகம் கிளம்பியது. 1749-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டிடரோ இந்தச் சந்தேகங்களை விரிவாக அலசினார்.

அப்புறம் கதை டெல்லிக்கு வருகிறது. பிறவிக் கண்புரையோடு, சிகிச்சை கிடைக்காமலே வளரும் குழந்தைகள் இந்தியாவில் பலர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம் அப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்து சிகிச்சைக்கு வழி செய்கிறது. அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதைக் கவனித்து ஆராயவும் செய்கிறது. 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து பேரிடம், சிகிச்சை முடிந்த உடனேயே, மாலினூவின் சோதனையைச் செய்தார்கள். விளையாட்டுக் கட்டைகள் போன்ற வடிவங்கள். ஒன்றைத் தொட்டுவிட்டு, இரண்டில் எது அது என்று தொட்டே சொல்லச் சொன்னால் 98 விழுக்காடு சரி. ஒன்றைப் பார்த்துவிட்டு, பார்த்தே சொல்லச் சொன்னால் 92 விழுக்காடு. தொட்டதைப் பார்த்துச் சொல்லச் சொன்னபோது 58. குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும். 2011-இல் இந்த முடிவு வெளியானது.

ஆக, மாலினூ கேட்ட கேள்விக்கு விடை: முடியாது. 323 ஆண்டு கழித்து வந்த விடை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அடுத்து நடந்தது. மறுபடி சோதித்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, சில நாள்களிலேயே அந்தத் திறன் வந்திருந்தது தெரிந்தது. பிறவியிலேயே இணைப்பு இருக்கிறது என்றவர்களும் இதை எதிர்பார்க்கவில்லை. மெல்ல மெல்ல அனுபவத்தால் கட்டப்படுகிறது என்றவர்களும் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கவில்லை.

அதோடு சண்டை ஓய்ந்துவிட்டதா?

இல்லை. புதிதாகப் பார்வை பெற்ற கண், முப்பரிமாண வடிவத்தை வடிவமாகவே பார்த்ததா, அல்லது ஏதோ கோடும் நிழலுமாகப் பார்த்துப் பொருத்திச் சொன்னதா என்று சிலர் கேட்டார்கள். தட்டையான வடிவங்களை வைத்துச் சோதிக்கலாமே என்றார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் கவனியுங்கள், சண்டை எவ்வளவு குறுகிவிட்டது! மனம் வெற்றுத்தாளா என்று தொடங்கியது, எந்தக் கட்டையை எந்தக் கோணத்தில் காட்டுவது என்பதில் வந்து நிற்கிறது. விடை நெருங்கும்போது தத்துவச் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் சிறுக்கின்றன.

டாக்டர்களும் விஞ்ஞானிகளும் கண்டுபிடித்தால் அது அறிவியல்தானே? தத்துவம் எங்கே விடை சொன்னது?

மிக அதிகமாக வரும் ஆட்சேபம் இது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912-இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: ஒரு துறையில் உறுதியான அறிவு சாத்தியமானதும் அதைத் தத்துவம் என்று அழைப்பதை நிறுத்திவிடுகிறோம், அது தனி அறிவியல் ஆகிவிடுகிறது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'இயற்கைத் தத்துவம்' என்றுதான் இருக்கிறது. இன்று அதை இயற்பியல் என்கிறோம். உளவியல், தர்க்கவியலின் பெரும்பகுதி, மொழியியலில் ஒரு பகுதி எல்லாம் இந்த வீட்டில் பிறந்து தனிக்குடித்தனம் போன பிள்ளைகள். போன பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல், வீட்டில் மீதி இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு, இங்கே யாருமே தலையெடுக்கவில்லை என்று சொல்வது நியாயமா?

இன்னொன்று. டெல்லியில் அந்தக் கட்டைகளை மேசைமேல் வைக்க வேண்டும் என்று எந்த நுண்ணோக்கியும் சொல்லவில்லை. எதைச் சோதித்தால் எது தெரியவரும் என்பதை வாதம் செய்து செய்துதான் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையைத் தத்துவக் கணக்கில் எழுதாமல் வேறு எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆய்வுக்கூடமே இல்லாமல், யோசித்து மட்டும் முடிவு கண்ட கேள்வி ஏதாவது?

இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, அறிவு என்றால் என்ன என்பது. ஒரு செய்தியை நீங்கள் நம்புகிறீர்கள், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்புவதற்கு உங்களிடம் நல்ல காரணமும் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அதை 'அறிவு' எனலாமா? எனலாம் என்பதுபோல் தோன்றும். 1963-இல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று எழுதி, போதாது என்று காட்டினார். ஆனால் அவருக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பே, 8-ஆம் நூற்றாண்டில், பௌத்த அறிஞர் தர்மோத்தரர் இதே வகை உதாரணங்களைக் கொடுத்திருக்கிறார். பாலைவனத்தில் தாகத்தோடு போகும் ஒருவர் தூரத்தில் தண்ணீர் இருப்பதாகக் காண்கிறார். அது கானல். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால், பாறைக்கு அடியில் நிஜமாகவே தண்ணீர் இருக்கிறது. அவர் நம்பியது உண்மை. கண்ணால் கண்டது காரணம். இருந்தாலும் அங்கே தண்ணீர் இருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. தற்செயலாகப் பலித்தது, அவ்வளவுதான்.

அறிவு என்றால் என்ன என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விளக்கம் இன்றுவரை இல்லை. ஆனால் அந்த மூன்று நிபந்தனை போதும் என்ற விடை போய்விட்டது. அதைத் திரும்ப எழுப்ப முயல்கிறவர் தத்துவத் துறையில் அநேகமாக யாருமில்லை.

இரண்டாவது இன்னும் பெரியது. வாதத்தில் முரண்படும் இருவர் சண்டை போட வேண்டியதில்லை, உட்கார்ந்து 'வாருங்கள், கணக்கிடுவோம்' என்று சொன்னால் போதும் என்ற நிலை வர வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ் கனவு கண்டார். எந்த வாதத்தையும் இயந்திரம்போல் சரிபார்க்கும் ஒரு முறை. அந்தக் கனவைக் கூர்மையான கேள்வியாக 1928-இல் ஜெர்மன் கணித அறிஞர்கள் ஹில்பர்ட்டும் ஆக்கர்மனும் முன்வைத்தார்கள்: தர்க்க மொழியில் எழுதப்பட்ட எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும், அது தர்க்கப்படி எப்போதும் செல்லுமா செல்லாதா என்று குறிப்பிட்ட படிகளில் முடிவு சொல்லும் வழிமுறை ஒன்று உண்டா? 1936-இல் அமெரிக்காவில் அலோன்சோ சர்ச்சும் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கும், ஒருவரை ஒருவர் சாராமல், அப்படி ஒரு வழிமுறை இருக்கவே முடியாது என்று நிறுவினார்கள். நிறுவல் அது, கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. அதற்காக டூரிங் மனதில் கற்பனை செய்த இயந்திரம்தான் கணினி அறிவியலுக்கே அடித்தளமாக நிற்கிறது.

'போதாது', 'முடியாது' என்பதெல்லாம் ஒரு விடையா?

ஆம். கதவு எங்கே இருக்கிறது என்று தேடும்போது இந்தச் சுவரில் இல்லை என்று உறுதியாகத் தெரிவது விடைதான். தத்துவத்தில் கிடைத்த முடிவான விடைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பது என் கணிப்பு. அவை கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு: விடை என்றால் 'ஆம், இதுதான்' என்று வரவேண்டும் என்று பள்ளித் தேர்வுகள் நம்மைப் பழக்கிவிட்டன.

நம் பழைய நூல்களில் யாராவது இதைப் பற்றி யோசித்திருக்கிறார்களா?

அருமையாக யோசித்திருக்கிறார்கள். மணிமேகலையின் கடைசிக் காதைக்குப் போங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த தருமத்தை உபதேசிக்கிறார். அதில், ஒரு கேள்விக்கு விடை சொல்லும் முறை நான்கு என்கிறார்: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களிலும் இந்த நான்கு உண்டு. ஆனால் தமிழில் வரும் உதாரணங்கள் தனி அழகு.

தோன்றியது அழியுமா என்று கேட்டால், அழியும் என்று நேரே சொல்வது துணிந்து சொல்லல். இறந்தவன் மறுபடி பிறப்பானா என்றால், பற்றை விட்டவனைக் கேட்கிறாயா, விடாதவனைக் கேட்கிறாயா என்று பிரித்துப் பதில் சொல்வது கூறிட்டு மொழிதல். வித்து முந்தியதா பனை முந்தியதா என்றால், எந்த வித்துக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பது வினாவின் விடுத்தல். ஆகாயப்பூ பழையதா புதியதா என்று கேட்டால் பேசாமல் இருப்பது வாய்வாளாமை.

அந்தப் பனைக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். நாம் கோழியா முட்டையா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறோம். அறவண அடிகள் அதில் உள்ள ஓட்டையைத் தொடுகிறார். இந்தக் குறிப்பிட்ட பனைக்கு அதன் வித்து முந்தியது. அந்த வித்துக்கு அதைக் கொடுத்த பனை முந்தியது. எந்த இணையைக் கேட்கிறாய் என்று சொல்லிவிட்டால் விடை உடனே வந்துவிடுகிறது. குறிப்பிடாமல் கேட்டதால்தான் புதிர்போல் தெரிந்தது.

வாய்வாளாமையில் மட்டும் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. ஆகாயப்பூ என்ற ஒன்று இல்லவே இல்லை. ஆகவே பழையதா புதியதா என்பதற்கு விடை கிடையாது. சரி. ஆனால் உலகம் என்றும் உள்ளதா, அதற்கு முடிவு உண்டா என்ற கேள்விகளுக்கும் புத்தர் விடை சொல்லவில்லை என்று பாலி நூல்கள் சொல்கின்றன. அங்கே அவர் காட்டும் காரணம் வேறு. நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவனின் குலம் என்ன, ஊர் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தால் செத்துப்போவான் என்கிறார். அந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கலாம். துக்கம் தீர்க்க அது உதவாது என்பதே அங்கே பேச்சு. விடையே இல்லாத கேள்வியும், விடை இருந்தும் இப்போது தேவைப்படாத கேள்வியும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மௌனத்தில் போட்டு மூடக்கூடாது.

சரி, ஊழா முயற்சியா? இதற்கு விடை சொல்லுங்கள் பார்ப்போம்.

கூறிட்டு மொழிய வேண்டிய கேள்விக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. வள்ளுவரே "ஊழிற் பெருவலி யாவுள", அதாவது ஊழைவிட வலியது எது என்று கேட்கிறார் (380). தளராமல் முயல்கிறவர்கள் "ஊழையும் உப்பக்கம் காண்பர்", அதாவது ஊழையும் புறமுதுகிட வைப்பார்கள் என்றும் சொல்கிறார் (620).

நம் செயலுக்கு முன்காரணங்கள் எதுவுமே இல்லாமல், வெறும் வெட்டவெளியிலிருந்து தீர்மானம் பிறக்கிறதா என்று கேட்டால், அப்படி இல்லை என்று நானும் சொல்வேன். யாரும் மிரட்டாமல், காரணங்களை எடைபோட்டு, வேறு காரணம் கிடைத்தால் மனதை மாற்றிக்கொள்ளும் திறனோடு செயல்படுகிறோமா என்று கேட்டால், பல நேரம் ஆம். தண்டனை, பொறுப்பு, மன்னிப்பு எல்லாவற்றுக்கும் இந்த இரண்டாவது போதுமா என்பதுதான் உண்மையான சண்டை.

1983-இல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட மூளைச் சோதனை, கையை அசைக்க முடிவெடுத்ததை நாம் உணர்வதற்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுவதைக் காட்டியது. உடனே 'சுயவிருப்பம் பொய்' என்று பத்திரிகைகள் எழுதின. 2012-இல் அந்த மின்மாற்றத்துக்கு வேறு விளக்கமும் வந்தது: மூளையில் தற்செயலாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் மின் அலைவு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் தருணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதால் அப்படித் தோன்றலாம் என்று. ஆகவே யாராவது லிபெட்டை மட்டும் சொல்லி வழக்கை முடித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தத்துவவாதிகளே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லையே?

2020-இல் தத்துவவாதிகள் டேவிட் பூர்ஜேயும் டேவிட் சால்மர்ஸும் நடத்திய கணக்கெடுப்பில் 1,785 தத்துவ ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். நம் மனத்துக்கு வெளியே உலகம் உண்மையில் இருக்கிறது, அதை அறியவும் முடியும் என்ற நிலைப்பாட்டுக்குச் சுமார் 80 விழுக்காடு ஆதரவு. காரணகாரியத் தொடரும் சுயவிருப்பமும் ஒன்றோடொன்று பொருந்தும் என்பவர்கள் சுமார் 59. பொருந்தாது, ஆனால் சுயவிருப்பம் உண்டு என்பவர்கள் 19. சுயவிருப்பமே இல்லை என்பவர்கள் 11.

ஆங்கிலம் பேசும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் மிகுதியாக இடம்பெற்ற கணக்கு இது என்பதை மறக்கக்கூடாது. பெரும்பான்மை சொன்னால் உண்மையாகிவிடும் என்பதும் இல்லை. ஆனால் 'ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்' என்ற படத்துக்கும் இந்த எண்களுக்கும் தூரம் அதிகம். அதோடு, எல்லாரும் ஒத்துக்கொண்ட கேள்வியை யாரும் கணக்கெடுப்பில் கேட்க மாட்டார்கள். தீராதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டுவிட்டு, தீரவில்லையே என்று சொல்லக்கூடாது.

நல்லது கெட்டது எல்லாம் அவரவர் பார்வைதானே? அதில் என்ன முடிவான விடை?

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். சாதாரண ஆள் இல்லை அவர். வாதம் வைத்துத்தான் எழுதினார். அந்த வாதம் தோற்றது. தானே யோசித்துத் தீர்மானிக்கும் திறன் பிறவியிலேயே இல்லாத மனிதக் கூட்டம் ஒன்று உண்டு என்பது அதன் அடிப்படை, அது பொய். அப்படியே திறன் குறைந்தவர் ஒருவர் இருந்தாலும், அவரை உடைமையாக வைத்துக்கொள்ளும் உரிமை இன்னொருவருக்கு எப்படி வரும் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

பிறப்பால் ஒருவர் உயர்ந்தவர், ஒருவர் தாழ்ந்தவரா என்பது நம் மண்ணில் நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்ட தத்துவக் கேள்வி. இரு பக்கமும் நூல்கள் எழுதப்பட்டன. "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்றது குறள். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வந்ததால் விடை உண்மையாகவில்லை. விடை உண்மையாக இருந்ததால்தான் அப்படி ஒரு சட்டத்துக்காகப் போராட முடிந்தது. இதையும் 'உங்கள் பார்வை, என் பார்வை' என்று வைத்தால், மிதிபட்டவரின் முறையீடு வெறும் ரசனை வேறுபாடு ஆகிவிடும். அதை நான் ஏற்க மாட்டேன்.

இன்னும் தீராத அறக் கேள்விகள் நிறைய உண்டு. விலங்குகளுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம், இனி பிறக்கப்போகிறவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பவை அவற்றில் கடினமானவை.

கடவுள் உண்டா?

இந்தக் கேள்வியில் கிடைத்த ஒரு பாதி விடையை மட்டும் சொல்கிறேன். எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுளும் உலகத்துத் தீமையும் சேர்ந்து இருக்கவே முடியாது, அது தர்க்க முரண் என்று 1955-இல் ஜே. எல். மேக்கி வாதிட்டார். 1970-களில் ஆல்வின் பிளாண்டிங்கா கொடுத்த பதிலுக்குப் பிறகு, கண்டிப்பான தர்க்க முரண் என்று நிறுவப்படவில்லை என்பதைக் கடவுள் மறுப்பாளர்களிலேயே பலர் ஏற்றுக்கொண்டார்கள். உடனே வாதம் இடம் மாறியது: முரண் இல்லாவிட்டாலும், இவ்வளவு துன்பம் கடவுள் இல்லை என்பதற்கு வலுவான சான்றாகாதா? 1979-இல் வில்லியம் ரோ, காட்டுத்தீயில் சிக்கி யாரும் அறியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியை வைத்து இதைக் கேட்டார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

உணர்வு மூளையிலிருந்து எப்படி வருகிறது என்பதற்கு?

இல்லை, இன்னும் விடை இல்லை. 1998-இல் மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக், உணர்வுக்குரிய தெளிவான மூளை அடையாளம் 25 ஆண்டுக்குள் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்று டேவிட் சால்மர்ஸிடம் ஒரு பெட்டி ஒயின் பந்தயம் கட்டினார். 2023 ஜூனில், நியூயார்க்கில் எல்லார் முன்னிலையிலும் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயினைக் கொடுத்தார். எனக்கு அந்தப் பந்தயமே பிடித்திருக்கிறது. என்ன கிடைத்தால் யார் தோற்றதாக அர்த்தம் என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள்.

"நான் பார்க்கும் சிவப்பும் நீ பார்க்கும் சிவப்பும் ஒன்றாப்பா?" என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

முதலில், அது தெரியாதுடா என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். லாக் எழுதிய அதே நூலில் இருக்கும் கேள்வியைத்தான் உங்கள் மகன் தானாகவே கேட்டிருக்கிறான்.

அதைக் கூறிட்டுப் பாருங்கள். ஒரு பாதிக்கு விடை உண்டு. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஜான் டால்டன், மற்றவர்களுக்குச் சிவப்பாகத் தெரிவது தனக்கு அப்படித் தெரியவில்லை என்பதைக் கண்டு, 1794-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும், அதனால்தான் இப்படி என்று நினைத்தார். இறந்த பிறகு கண்ணை எடுத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தார். 1844-இல் இறந்தார். திறந்து பார்த்தால் திரவம் தெளிவாக இருந்தது. அவர் விளக்கம் தவறு. ஆனால் கண்ணைப் பாதுகாத்து வைத்தார்கள். 1995-இல் அதிலிருந்து மரபணுவை எடுத்துச் சோதித்தபோது, நடுத்தர அலைநீள ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. ஆக, இரண்டு பேர் பார்க்கும் நிறம் வேறுபடலாம், வேறுபடுவதைக் கண்டுபிடிக்கவும் முடியும். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டையை மகனிடம் காட்டுங்கள். கண் மருத்துவரிடம் இருக்கும்.

மற்றப் பாதி கடினம். எல்லாச் சோதனையிலும் நீங்களும் அவனும் ஒரே பதில் சொல்கிறீர்கள், ஆனாலும் உள்ளுக்குள் அவனுடைய சிவப்பு உங்களுடைய பச்சையாக இருக்க முடியுமா? இது இன்னும் தீரவில்லை. அவனிடம் அப்படியே சொல்லுங்கள். அப்புறம் அவனிடமே ஒன்று கேளுங்கள்: ரெண்டு பேருக்கும் வேற மாதிரி தெரியுதுன்னு வெச்சுக்கோ, அதை எப்படிடா கண்டுபிடிக்கலாம்? அவன் ஒரு வழி சொல்வான். அது ஏன் வேலை செய்யாது என்று நீங்கள் காட்டுங்கள். இன்னொரு வழி சொல்வான்.